பழைய கணினியில் விண்டோஸ் 11: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 2017-ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கிய மடிக்கணினி ஒன்று என்னிடம் உள்ளது. ஐ5 பிராசசர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இப்போது மந்தமாகவும் இயங்குகிறது. இதில் விண்டோஸ் 11 இயங்காது என்று திரையில் செய்தி வருகிறது. அதே சமயத்தில் என் அண்ணன் வாங்கியதும் ஐ5 மடிக்கணினிதான். அதற்கு மட்டும் எந்தத் தடையும் இன்றி 11 கிடைத்துவிட்டது. பழுது பார்ப்பவரிடம் காட்டினால், 'வேறு வழியில் ஏற்றித் தருகிறேன்' என்று கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா, அல்லது புதிதாக ஒன்றை வாங்கிவிடுவது நல்லதா?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

முதலில், அண்ணனுக்குக் கிடைத்தது உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பார்ப்போம். வேறுபாடு 'ஐ5' என்ற பெயரில் இல்லை. அதை அடுத்து வரும் எண்ணில் இருக்கிறது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குச் சென்று, 'அபவுட்' என்பதைத் திறந்தால் பிராசசரின் முழுப் பெயர் தெரியும். அங்கே ஐ5-7200யு என்று இருந்தால் அது ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. எட்டாம் தலைமுறை மடிக்கணினிப் பிராசசர்களை இன்டெல் 2017 ஆகஸ்டில் வெளியிட்ட பிறகும் ஏழாம் தலைமுறைக் கணினிகள் விற்பனையில் இருந்தன. எனவே ஒரே மாதத்தில் 'ஐ5' என்ற ஒரே பெயரில் இரண்டையும் மக்கள் வாங்கினார்கள். 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11-க்கு, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெலில் எட்டாம் தலைமுறையும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையின் சில பிராசசர்களும்தான் தொடக்க எல்லை. வாங்கிய ஆண்டோ கொடுத்த விலையோ இங்கே கணக்கில் வராது.

அடுத்து, அந்த 'வேறு வழி'. நிறுவும் நிரல் செய்யும் சோதனையைத் தாண்டிச் செல்லும் உத்திகள் இருப்பது உண்மைதான். உங்கள் மடிக்கணினியில் அது பெரும்பாலும் வேலையும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றப்பட்ட கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் தருவதற்குத் தனக்குக் கடமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுத்து வடிவில் கூறியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு பொதுவாகத் தானாக வராது. ஒவ்வொரு முறையும் அதே உத்தியோடு கையால் ஏற்ற வேண்டியிருக்கும், அதாவது ஒவ்வொரு முறையும் அவரிடமே போக வேண்டியிருக்கும். இன்னும் பழைய கணினிகளின் நிலைமை இதைவிட மோசம். 2024-இல் வந்த பெரிய பதிப்பான 24எச்2-இலிருந்து, எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பிராசசர்களில் விண்டோஸ் 11 தொடங்குவதே இல்லை. நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த கணினிகள் சில அந்தப் பதிப்போடு வாசலிலேயே நின்றுவிட்டன. ஒரு மாற்றுக் கணினியில் சோதித்துப் பார்ப்பவருக்கு இது பொழுதுபோக்கு. குடும்பக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே கணினியில் இருப்பவருக்கு அப்படி அல்ல.

அப்படியானால் விண்டோஸ் 10-இலேயே இருந்துவிடலாமா? அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அன்றோடு கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமல் திறந்தே கிடக்கும். தனிப் பயனாளர்கள் இதைச் சமாளிக்க, 'நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்' என்ற திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் விவரங்களை அந்தக் கணக்கோடு இணைத்து வைத்தால் இது இலவசம். அதில் விருப்பம் இல்லாதவர்கள் ஒருமுறைக் கட்டணம் செலுத்தலாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருந்தால், 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். பலர் அதை விளம்பரம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள்.

இதற்கிடையில் பணம் செலவு செய்துதான் ஆக வேண்டுமென்றால், அதை எஸ்எஸ்டி-யில் (சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். உங்கள் கணினியின் மந்தத்துக்குக் காரணம் பிராசசர் அல்ல, சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். விண்டோஸ் 10-இல் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: கணினியைத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் 'டிஸ்க்' என்ற பத்தி 100 சதவீதத்தில் அசையாமல் நிற்க, 'சிபியு' பத்தி சோம்பிக் கிடந்தால், சிக்கல் எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 4 ஜிபி ராம் என்பது விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விதித்த குறைந்தபட்ச அளவுதான். பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறப்பவருக்கு அது விண்டோஸ் 10-இலும் போதாது. எனவே 8 ஜிபியாக உயர்த்துங்கள். சில மெல்லிய மடிக்கணினிகளில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும்; கூடுதலாகச் செருக இடம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள். பெரும்பாலும் 2.5 அங்குல எஸ்எஸ்டி-யை நாளை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அந்தச் செலவு இந்த மடிக்கணினியோடு முடிந்துபோவதில்லை.

பிரவுசர், மின்னஞ்சல், கடிதம் எழுதுதல் ஆகியவற்றுக்கு மேல் உங்களுக்கு வேலை இல்லையென்றால், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இயங்குதளத்தை யுஎஸ்பி-யிலிருந்து இயக்கிப் பாருங்கள். எதையும் அழிக்காமல், நிறுவாமல், ஒரு மாலை முழுக்க அதில் வேலை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

கேள்வி: என்னுடையது ஒன்பதாம் தலைமுறை டெஸ்க்டாப். ஆனாலும் 'டிபிஎம் 2.0 இல்லை' என்று சோதனை நிரல் காட்டுகிறது. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: மாற்ற வேண்டியது மதர்போர்டு அல்ல, பெரும்பாலும் பயாஸில் (கணினியை இயக்கியதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) உள்ள ஒரு அமைப்புதான். டிபிஎம் என்பது விண்டோஸ் 11 கட்டாயமாகக் கேட்கும், குறியாக்கச் சாவிகளைப் பாதுகாத்து வைக்கும் பகுதி. உங்கள் தலைமுறையில் அது தனிச் சில்லாக இல்லாமல், பிராசசரும் அதன் சிப்செட்டும் சேர்ந்த தொகுதிக்குள்ளேயே இருக்கும். இன்டெல் அதற்கு 'பிடிடி' என்றும், ஏஎம்டி 'எஃப்டிபிஎம்' என்றும் பெயர் வைத்திருப்பதால், பயாஸில் 'டிபிஎம்' என்று மட்டும் தேடுபவர் ஏமாந்துபோகிறார். பல டெஸ்க்டாப் போர்டுகள் இதை அணைத்த நிலையிலேயே விற்கப்பட்டன. இயக்கிவிட்டு, மீண்டும் தொடங்கி, 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'டிவைஸ் செக்யூரிட்டி' பக்கத்தைப் பாருங்கள். 'செக்யூரிட்டி பிராசசர்' என்ற தலைப்பு தென்பட்டால், வேலை முடிந்தது.

இங்கே அவசரம் கூடாத இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ முறையும் (பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக வந்த தொடக்க முறை) செக்யூர் பூட் வசதியும் (நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்க விடுவது) தேவை. உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், பயாஸில் யுஇஎஃப்ஐ-க்கு மாற்றிய அடுத்த நொடியே 'பூட் டிவைஸ் இல்லை' என்று திரை சொல்லும். நானும் ஒருமுறை இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, டிஸ்க் செத்துவிட்டது என்று அரை மணி நேரம் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். மீண்டும் பழைய முறைக்கு மாற்றியதும் எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. விண்டோஸ் 10-இலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்த பின், அதைக் கொண்டு டிஸ்கை முதலில் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் பயாஸைத் தொட வேண்டும். கணினியில் பிட்லாக்கர் (டிஸ்கைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் சிறு மாற்றம் செய்தாலும் அது கேட்கப்படலாம்.

கேள்வி: விண்டோஸ் 11-க்குத் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டுமா? இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: முறையாகச் செயல்படுத்தப்பட்ட விண்டோஸ் 10 இருந்தால் வேண்டியதில்லை, தகுதியுள்ள கணினிக்கு மேம்படுத்தல் இலவசம். உரிமம் மதர்போர்டை ஒட்டியே பதிவாகியிருப்பதால், டிஸ்கை மாற்றினாலும் அது போகாது. எனவே 'ஏற்றுவதற்கு இவ்வளவு, கீ-க்கு இவ்வளவு' என்று இரண்டு வரிகள் கொண்ட பில் வந்தால், இரண்டாம் வரிக்கு விளக்கம் கேளுங்கள். நம்ப முடியாத விலையில் விற்கப்படும் கீ-கள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்பட்டவற்றிலிருந்து கசிந்தவை. இன்று ஏற்கப்பட்டு, பின்னொரு நாள் முடக்கப்படலாம்.

கேள்வி: 'ஐ7, 16 ஜிபி, விண்டோஸ் 11 நிறுவப்பட்டது' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பழைய மடிக்கணினி வாங்கலாமா?

பதில்: விண்டோஸ் 11 நிறுவப்பட்டிருப்பது, அந்தக் கணினி அதற்குத் தகுதியானது என்பதற்குச் சான்று ஆகாது. முதல் பதிலில் சொன்ன அதே உத்தியால் ஏற்றப்பட்டவையும் அப்படித்தான் விற்கப்படுகின்றன. விளம்பரத்தில் வெறும் 'ஐ7' என்று இருந்தால், முழு எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐ7-7500யு என்று பதில் வந்தால், அது இரண்டு கோர்களே கொண்ட ஏழாம் தலைமுறை. நான்கு கோர்கள் கொண்ட ஐ5-8250யு அதைவிடத் திறன் மிக்கது, விண்டோஸ் 11-க்குத் தகுதியான பிராசசர்களின் பட்டியலிலும் உள்ளது. எண்ணைச் சொல்ல மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

கேள்வி: மேம்படுத்திய பின் பழைய ஸ்கேனரும், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளும் இயங்காமல் போனால் திரும்ப முடியுமா?

பதில்: முடியும், ஆனால் 10 நாட்களுக்குள். செட்டிங்ஸில் 'ரெக்கவரி' பகுதியில் 'கோ பேக்' என்ற பொத்தான் அதுவரைதான் வேலை செய்யும். இடையில் இடத்தை மீட்பதாக எண்ணி 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரை அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். உங்கள் தற்போதைய விண்டோஸ் 10 ஒருவேளை 32-பிட் என்றால், விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருவதால், மேலேயே ஏற்ற முடியாது. புதிதாக நிறுவ வேண்டும், திரும்பும் பொத்தானும் கிடையாது. டாஸ் காலத்து 16-பிட் மென்பொருள்கள் 64-பிட் விண்டோஸில் இயங்கவே மாட்டா. ஆகவே முதல் நாளிலேயே ஸ்கேனரில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள், கணக்கு மென்பொருளில் ஒரு பில்லை அச்சிட்டுப் பாருங்கள். ஆண்டு இறுதிக் கணக்கின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த 10 நாட்கள் எப்போதோ கடந்திருக்கும்.