அப்பா பிடுங்கிய போன், அம்மா கொடுத்த போன்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. இந்த முறை கெமிஸ்ட்ரியில் ‘சி’. என் கணவர் திருச்சியில் அடி வாங்கிப் படித்தவர். கிரேடைப் பார்த்ததும் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். அவர் தூங்கிய பிறகு நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தில் எங்களைவிடக் கண்டிப்பு. பையன் எல்லாவற்றிலும் ‘ஏ’. பக்கத்து அமெரிக்க வீட்டில் அதட்டலே கிடையாது, அந்தப் பெண்ணும் நன்றாகப் படிக்கிறாள். யாரைப் பார்த்து நடப்பது?

பதில்: உங்கள் வட்டாரத்திலேயே இதை ஒருமுறை பெரிய அளவில் விசாரித்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் சான்ஃபோர்ட் டோர்ன்புஷும் குழுவினரும் பே ஏரியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 7,836 பேரிடம் கேட்டு, 1987-இல் வெளியிட்ட ஆய்வு அது.

அவர்கள் கேட்ட கேள்விகள் ருசிகரமானவை. மார்க் குறைந்தால் வீட்டில் கோபப்படுவார்களா, கைச்செலவுப் பணத்தைக் குறைப்பார்களா? நல்ல மார்க் வாங்கினாலும் ‘மற்றதிலும் இப்படி வாங்கு’ என்பார்களா? ‘பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே’ என்பார்களா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் அதிகார வளர்ப்பு. மார்க் ஏறினாலும் இறங்கினாலும் கண்டுகொள்ளாத வீடு தளர்ந்த வளர்ப்பு. மூன்றாவது வகையில், நல்ல மார்க்குக்குப் பாராட்டும் கூடுதல் சுதந்திரமும் கிடைக்கும். மார்க் குறைந்தால் சுதந்திரம் கொஞ்சம் குறையும், கூடவே ‘நான் உதவட்டுமா’ என்ற பேச்சும் வரும். கவனியுங்கள், இந்த மூன்றாவது வீட்டிலும் கண்டிப்பு உண்டு. உங்கள் பக்கத்து வீட்டில் அதட்டல் இல்லை என்பதால் விதியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

மொத்தத்தில் மூன்றாவது வகை வீட்டுப் பிள்ளைகள்தான் நன்றாகப் படித்தார்கள். ஆனால் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல விரும்பும் முடிவு வேறு. மிகக் குறைந்த மார்க், அதிகாரமும் மற்ற பாணிகளும் கலந்து கிடந்த வீடுகளில் இருந்தது. இன்று மிரட்டல், நாளை செல்லம் என்றிருந்தால், எதைச் செய்தால் என்ன நடக்கும் என்றே பிள்ளைக்குப் பிடிபடாது. ராத்திரி நீங்கள் எடுத்துக் கொடுக்கும் போன் இந்த ரகம். அப்பாவின் பேச்சுக்கு மதிப்பில்லை, அம்மாவின் அன்பு திருட்டுத்தனமானது என்று இரண்டு பாடம் ஒரே நேரத்தில் அவளுக்குப் போய்ச் சேருகிறது.

சரி, எதிர்வீட்டுக்கு வருவோம். அந்த ஆய்விலேயே ஆசியப் பிள்ளைகளிடம் கணக்கு இடித்தது: வீட்டில் அதிகாரம் கூடுதல் என்றார்கள், மார்க்கும் கூடுதலாகவே இருந்தது. ரூத் சாவ் என்ற ஆய்வாளர் 1994-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சீனத் தாய்மார்களின் கண்டிப்போடு பிள்ளைக்காகத் தன் நேரத்தையெல்லாம் கொடுக்கும் உழைப்பும் சேர்ந்தே வருகிறது. அதை வெறும் அதிகாரம் என்று எழுதிவிட முடியாது என்றார். உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கின் குழு 1992-இல் சொன்னது இன்னொன்று: ஆசிய மாணவர்களுக்குப் படிக்கிற நண்பர் கூட்டம் பெரிய பலம். வீட்டுக் கண்டிப்பின் பெயரில் வரவு வைக்கிற மார்க்கில் ஒரு பங்கு நண்பர்களுடையது.

அப்புறம், 2011 வாக்கில் ‘புலி அம்மா’ பேச்சு, அதாவது பிள்ளையைக் கடுமையாகக் கண்டித்துப் படிக்கவைக்கும் அம்மாவைப் பற்றிய பேச்சு, அமளிப்பட்டதே, அதையும் சோதித்தார்கள். சு யோங் கிம் என்ற ஆய்வாளரின் குழு 444 சீன அமெரிக்கக் குடும்பங்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013-இல் எழுதியது: புலி வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஆதரவாக வளர்த்த வீட்டுப் பிள்ளைகளைவிட மார்க் குறைவு, மனச்சோர்வு அதிகம். அந்தச் சீனக் குடும்பங்களிலும் ஆதரவு வகைதான் அதிகம். ஆக, வெளியிலிருந்து நீங்கள் பார்க்கும் எதிர்வீட்டுக் கண்டிப்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. மார்க் குறைவதாலேயே கண்டிப்பு கூடுகிற வீடுகளும் உண்டு. எது முந்தியது என்று இத்தகைய ஆய்வுகளால் முழுக்கப் பிரித்துச் சொல்ல முடியாது. சீனக் குடும்பங்களின் முடிவு நம் வீட்டுக்கு அப்படியே ஒட்டும் என்றும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. முதலில் மகள் இல்லாத நேரத்தில் நீங்கள் இருவரும் உட்காருங்கள். போன் திருப்பிக் கொடுத்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் வாயிலிருந்து வந்தால் வம்பு. விதிகளை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜ் போட வேண்டும் என்றால் அப்பாவின் போனும் அங்கேதான். ஹோம்வொர்க் கொடுக்காமல் விட்டால் அந்த வார இறுதி வெளியே போவது கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, அதையே செய்யுங்கள். விதிகளை மகளிடம் சொல்லும்போது அவள் வாதாடட்டும். நியாயமாக இருந்தால் மாற்றுங்கள்.

பள்ளி ஆப்பைத் தினமும் திறந்து பார்ப்பதை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு சேர்ந்து ஒருமுறை போதும். ‘ஏன் சி?’ என்று ஆரம்பிக்காமல், விடுபட்ட ஹோம்வொர்க் எத்தனை, டெஸ்டில் போன மார்க் எந்தப் பாடத்தில் என்று பாருங்கள். கெமிஸ்ட்ரியில் பெரும்பாலும் மோல் கணக்கில் இடறியிருப்பார்கள். ஆசிரியரிடம் போய்க் கேட்டாலே பாதி தீரும். கணவருக்கு அந்தக் கணக்கு தெரியும் என்றால் அவரே சொல்லித்தரலாம், குரலை உயர்த்தாமல் இருக்க முடியுமானால் மட்டும்.

எதிர்வீட்டுப் பையன் பெயரை வீட்டில் எடுக்கவே வேண்டாம். தூக்கம், சாப்பாடு குறைந்து, பள்ளிக்குப் போகவே தயங்குகிறாள் என்றால் மார்க் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த வாரமே பள்ளிக் கவுன்சிலரைப் பாருங்கள்.