ரவுட்டருக்கு மூன்று கோப்பு: எதை ஏற்றுவது?

கேள்வி: உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். எங்கள் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரில், கம்பனி மென்பொருளுக்குப் பதிலாக ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட நினைத்தேன். தரவிறக்கப் பக்கத்தில் ஃபேக்டரி, சிஸ்அப்கிரேட், இனிட்ராம்எஃப்எஸ் என்று மூன்று கோப்புகள். எதை எடுப்பது? – வாசகர், திருகோணமலை

பதில்: ரவுட்டரில் இப்போது என்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். கோப்பைத் தீர்மானிப்பது அதுதான்.

கம்பனி மென்பொருளே ஓடுகிறதென்றால் ஃபேக்டரி. கம்பனியின் அப்கிரேட் பக்கம் கோப்பின் தலைப்பில் தன் அடையாளத்தைத் தேடும். அது ஃபேக்டரி கோப்பில்தான் இருக்கும். சிஸ்அப்கிரேட்டைக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்காது, சேதமும் இல்லை. ஓபன்டபிள்யூஆர்டி ஏற்கெனவே ஓடினால் சிஸ்அப்கிரேட்.

மறுபக்கத் தவறுதான் ஆபத்தானது. ஓடும் ஓபன்டபிள்யூஆர்டியில் ஃபேக்டரியைக் கொடுத்து, எச்சரிக்கை வந்தும் ‘ஃபோர்ஸ்’ அழுத்தினால், பல மாடல்களில் கர்னல் (அமைப்பின் மையப் பகுதி) இருக்க வேண்டிய இடத்தில் கம்பனித் தலைப்பு போய் உட்காரும். பிறகு ரவுட்டர் எழும்பாது. அந்த எச்சரிக்கையைத் தாண்டாதீர்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் ராமில் மட்டும் ஓடும். கரண்ட் போனால் செய்த அமைப்பெல்லாம் போய்விடும். சில மாடல்களில் நிறுவலின் இடைப்படியாகவும் மீட்புக்கும் உதவும். உங்களுக்கு இப்போது தேவையில்லை. பெயரில் வரும் ‘ஸ்குவாஷ்எஃப்எஸ்’ பற்றியும் கவலை வேண்டாம். அடிப்படை அமைப்பு எழுத முடியாத பகுதியில் இருக்கும். உங்கள் மாற்றங்கள் தனி அடுக்கில் சேரும். அந்த அடுக்கை அழித்தாலே ரீசெட் ஆகிவிடும்.

அடுத்தது ரவுட்டரின் ஹார்ட்வேர் பதிப்பு. ரவுட்டரைக் கவிழ்த்து லேபிளில் ‘வெர்’ என்ற இடத்தைப் பாருங்கள். வி2, வி5 இரண்டுக்கும் கோப்பு வேறு. வி2இல் அமெரிக்க, ஐரோப்பிய ஃபேக்டரிகளும் தனித்தனி. உப்புக்காற்றில் லேபிள் மங்கியிருந்தால் ரவுட்டரின் நிலைமைப் பக்கத்தில் ஹார்ட்வேர் பதிப்பு தெரியும். இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தரவிறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த தரவிறக்கம் அங்கேயே பிடிபடும். வைஃபையை அணைத்து, கணினியை லேன் துளையில் கேபிளால் இணையுங்கள். பிறகு அப்கிரேட் பக்கத்தில் கோப்பை ஏற்றுங்கள். பெயர் நீளமென்று அது மறுத்தால் சுருக்கிவிடுங்கள். எழுதும்போது கரண்ட் போவதுதான் பெரிய பயம். ரவுட்டரை யூபிஎஸ்ஸில் செருகிவிட்டு ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு 192.168.1.1இல் ரூட் என்ற பெயரில் நுழையலாம். கடவுச்சொல் இருக்காது, உடனே வைத்துவிடுங்கள். வைஃபை தெரியவில்லையே என்று பதற வேண்டாம், அது தொடக்கத்தில் அணைந்துதான் இருக்கும்.

வி5 எழும்பாமல் போனால் கணினிக்கு 192.168.0.66 முகவரி கொடுத்து, டிஎஃப்டிபி சர்வரில் (கணினியிலிருந்து ரவுட்டருக்குக் கோப்பு கொடுக்கும் சிறு நிரல்) அந்த மாடலுக்குரிய மீட்புப் பெயரில் கோப்பை வைத்து, ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே ரவுட்டரை ஒன் செய்யுங்கள். கோப்பு போகவில்லையென்றால் முதலில் விண்டோஸ் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள்.