ஒன்பது ஆண்டு அனுபவத்துக்கு மீண்டும் ஒரு தேர்வா?

கேள்வி: என் தம்பி துவாக்குடியில், கொதிகலன் பாகங்கள் செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வெல்டராக இருக்கிறார். இப்போது வேறொரு நிறுவனத்தில் அழைத்திருக்கிறார்கள். ஆனால், அவரிடமுள்ள ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படியான தகுதிச் சான்று தங்களிடம் செல்லாது என்றும், புதிதாகத் தேர்வு எழுதுவதுபோல் வெல்டிங் செய்து காட்ட வேண்டும் என்றும், ஆரம்பச் சம்பளம்தான் தர முடியும் என்றும் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?
– வாசகர், திருச்சி

பதில்: தேர்வு கேட்பது முறைதான், அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பது முறையன்று.

ஏ.எஸ்.எம்.இ. விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவு, வெல்டரின் தகுதியைச் சோதிக்கும் பொறுப்பை அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடமே ஒப்படைக்கிறது. அந்த நிறுவனத்தின் டபிள்யூ.பி.எஸ். ஆவணப்படி, அதாவது வெல்டிங் செய்முறையை வரையறுக்கும் ஆவணப்படி, பற்றவைத்த மாதிரித் துண்டை வளைத்தோ எக்ஸ்ரே எடுத்தோ பார்த்துத் தேர்ச்சி வழங்கப்படுவதால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்தத் தேர்ச்சி அடுத்த நிறுவனத்தில் செல்லாது. ஒரே இடத்தில் இருப்பவருக்கும், ஆறு மாதம் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் மின்முனையும் மந்த வாயுவும் கொண்டு செய்யும் முறை) செய்யாவிட்டால் டிக் தகுதி காலாவதியாகிவிடும். ஆகவே இதில் அவமதிப்பு ஏதுமில்லை. 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றி, அதாவது 6ஜி நிலையில், ரூட் (இணைப்பின் அடியில் போடும் முதல் வரி) போட்டுப் பழகிய கைக்கு இந்தத் தேர்வு பெரிய தடையாக இராது. அரசின் கொதிகலன் இயக்ககம் தந்த ஐ.பி.ஆர். (இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை விதிகள்) சான்றிதழ் இருந்தால் அதையும், பழைய தேர்வுப் பதிவுகளின் நகல்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கைத்திறன் கூடவே வந்தாலும், எல்லாம் வந்துவிடாது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஹக்மன், கேரி பிசானோ இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பென்சில்வேனியாவில் ஒரே காலத்தில் பல மருத்துவமனைகளில் பணியாற்றிய இதய அறுவை மருத்துவர்கள், ஒரு மருத்துவமனையில் அதிக அறுவைகள் செய்யச் செய்ய அங்கே நோயாளிகளின் இறப்பு குறைந்தது என்றும், அந்த முன்னேற்றம் அவர்களுடைய மற்ற மருத்துவமனைகளில் தென்படவில்லை என்றும் கண்டார்கள். பட்டறையிலும் அப்படித்தான்: எந்த ஃபிட்டர் பற்றவைக்கும் துண்டுகளுக்கிடையே இடைவெளியைச் சரியாக வைப்பார், எந்த மெஷினில் கரண்ட் இறங்கும் என்பதெல்லாம் புதிய இடத்தில் பழகித்தான் தெரியும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அந்தச் சில மாதங்களைக் காரணமாக்கி ஒன்பது ஆண்டையும் கழிப்பதை ஏற்க வேண்டியதில்லை. தேர்வில் தேறிய நாளிலிருந்து என்ன சம்பளம் என்பதைப் பணி நியமன ஆணையிலேயே எழுதித் தரும்படி அவர் கேட்கட்டும்.

இன்னொன்று. பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) சேவைக்காலம் புதிய நிறுவனத்தில் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கும். ஐந்து ஆண்டைக் கடந்துவிட்டதால், விலகும்போதே பழைய இடத்தில் அதை வாங்கிவிட வேண்டும். பி.எஃப். பிடித்திருந்தால், அந்தப் பணத்தை எடுக்காமல் கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பி.எஃப். வழி வரும் ஓய்வூதியத் தகுதிக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். பழைய ஒன்பதும் அதில் சேரும்.