எந்த ஹோம்ஸ் அசல்?

கேள்வி: பிபிசியின் 'ஷெர்லாக்' தொடர்தான் உண்மையான ஷெர்லாக் ஹோம்ஸ் என்பது என் கட்சி. அமெரிக்காவில் வந்த 'எலிமென்டரி' வெறும் காப்பி. அதில் ஹோம்ஸின் நண்பர் வாட்சனைப் பெண்ணாக்கியது மூலக்கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயிலுக்குச் செய்த துரோகம். நண்பர்கள் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். சண்டை முற்றிவிட்டது. நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.

பதில்: சொல்கிறேன். ஆனால் அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

முதலில் 'துரோகம்' என்ற பேச்சை விடுங்கள். அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட் ஹோம்ஸை மேடையேற்ற நாடகம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமா என்று தந்தி அடித்துக் கேட்டார். கல்யாணம் செய்துவையுங்கள், கொன்றுபோடுங்கள், உங்கள் இஷ்டம் என்றுதான் டாயிலிடமிருந்து பதில் போனது. நாடகம் 1899இல் அரங்கேறியது. படைத்தவரே கொடுத்த சுதந்திரத்தை நாம் பிடுங்கிக்கொள்ள முடியாது.

காலத்தை மாற்றுவதும் பழைய பழக்கம்தான். பேசில் ராத்போன் 1939 முதல் 1946 வரை 14 படங்களில் ஹோம்ஸாக நடித்தார். குதிரை வண்டிக் காலத்தில் நடப்பவை முதல் இரண்டு மட்டுமே. 1942இல் வந்த மூன்றாவது படத்திலேயே ஹோம்ஸ் நாஜி உளவாளிகளைத் துரத்துகிறார். பெண் வாட்சனா? 1971லேயே ஒரு படத்தில் ஜோஆன் உட்வர்ட் டாக்டர் வாட்சனாக நடித்தாயிற்று. ஆகவே 2010இல் தொடங்கிய 'ஷெர்லாக்'கை 2012இல் தொடங்கிய 'எலிமென்டரி' காப்பியடித்தது என்ற வாதம் நிற்காது. இன்றைய நகரத்தில் ஹோம்ஸ் என்ற யோசனை இரண்டு பேருக்குமே சொந்தமில்லை.

இரண்டும் ஏழேழு ஆண்டுகள் ஓடின. 'ஷெர்லாக்'கில் ஒன்றரை மணி நேர அளவில் 13 எபிசோட்கள். 'எலிமென்டரி'யில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாக 154. முன்னதில் ஒவ்வொரு காட்சியையும் இழைத்திருப்பதும், பின்னதில் பல கொலைக் கதைகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதும் இதனால்தான். ஆரம்பத்தில் சும்மா தலைகாட்டிவிட்டுப் போகிறவரே கடைசியில் கொலைகாரராக இருப்பார். 'எலிமென்டரி'யின் பெரிய பலவீனம் அது, மறைக்க வேண்டியதில்லை.

சரி, எதை வைத்துத்தான் அளப்பது? டாயிலின் கதைகளில் தடயங்கள் எல்லாம் வாசகர் கண்ணில் முன்கூட்டியே படுவதில்லை. ஆனால் கடைசியில் விளக்கம் கட்டாயம் வரும். 1891இல் வந்த 'செந்தலையர் சங்கம்' கதையில், தன்னைப் பற்றி ஹோம்ஸ் சொன்னதையெல்லாம் கேட்டு மலைத்துப்போகும் ஜேபஸ் வில்சன், எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரிந்ததும் சிரித்துவிடுகிறார்; இவ்வளவுதானா என்கிறார். மாயம் கலைந்து எல்லாம் எளிதாகத் தெரிய வேண்டும். அந்தக் கணத்துக்காகத்தான் இன்றும் இந்தக் கதைகளைப் படிக்கிறோம்.

உங்கள் 'ஷெர்லாக்' இதை அற்புதமாகச் செய்திருக்கிறது. 'நால்வர் குறி' நாவலில் ஹோம்ஸ் வாட்சனின் பாக்கெட் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாவி போடும் துளையைச் சுற்றிக் கீறல்கள்; முன்பு வைத்திருந்த அண்ணன் குடிகாரர், இரவில் கை நடுங்க நடுங்கச் சாவி கொடுத்திருக்கிறார் என்கிறார். பிபிசியின் முதல் எபிசோடில் கடிகாரம் செல்போனாகிவிட்டது, சாவித் துளை சார்ஜர் துளையாகிவிட்டது. போனில் பொறித்திருக்கும் ஹாரி என்ற பெயரைப் பார்த்து அண்ணன் என்கிறார் ஷெர்லாக். ஹாரி, ஹேரியட் என்ற சகோதரி! மற்றதெல்லாம் சரி, அது ஒன்று தப்பு. மூலத்தை வரிவரியாகப் படித்து, நேசித்தவர்களால்தான் இப்படி எழுத முடியும். தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபட், மார்க் கேட்டிஸ் இருவர்மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதனால்தான் பின்னால் நடந்தது வலிக்கிறது. 2012 ஜனவரியில் வந்த எபிசோடில் ஷெர்லாக் மருத்துவமனை மாடியிலிருந்து குதித்தார். எப்படிப் பிழைத்தார் என்று ரசிகர்கள் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2014இல் வந்த எபிசோட் என்ன செய்தது? மூன்று விதமாகக் கதை சொன்னது. இரண்டு வெறும் கற்பனை. மூன்றாவதை ஷெர்லாக்கே சொல்கிறார். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் பாத்திரமே அதை நம்புவதா வேண்டாமா என்று குழம்புகிறது. டாயிலும் ஹோம்ஸை 1893இல் அருவியில் தள்ளிவிட்டுப் பத்து வருடம் கழித்துத்தான் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் வந்த ஹோம்ஸ் வாட்சனை உட்காரவைத்து, எப்படித் தப்பினேன், எந்தப் பாறையில் ஏறினேன் என்று ஒழுங்காகச் சொன்னார். அது வாசகருக்குப் பட்ட கடன். பிபிசி அந்தக் கடனைத் தீர்க்கவில்லை. அதற்கப்புறம் வழக்குகள் ஒதுங்கிப்போய், ஷெர்லாக்கின் குடும்பமும் மனசும் மட்டுமே கதையாகிவிட்டன.

வாட்சன் விஷயத்துக்கு வருகிறேன். 'நால்வர் குறி' ஹோம்ஸ் கொக்கேன் ஊசி போட்டுக்கொள்வதில் தொடங்குகிறது. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் டாக்டர் வாட்சன் வாயைத் திறக்கிறார். பிறகு வந்த ஒரு கதையில், அந்தப் பழக்கத்திலிருந்து நண்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டதை அவரே சொல்கிறார். டாயில் சில வரிகளில் கடந்துபோன இடம் இது. 'எலிமென்டரி' தன் முழு வீட்டையும் அந்த வரிகளின்மேல்தான் கட்டியது. ஜானி லீ மில்லரின் ஹோம்ஸ் போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வந்தவர். லூசி லியூவின் ஜோன் வாட்சன், அவர் மறுபடி வழுக்காமல் பார்த்துக்கொள்ளக் கூடவே தங்கும் முன்னாள் அறுவை மருத்துவர். பிறகு அவரிடமே தொழில் கற்றுக்கொண்டு துப்பறிவாளராகிறார். இதில் எங்கே துரோகம்? டாயிலை இதைவிடக் கவனமாகப் படித்தவர்கள் யார்?

பெண்களைப் பற்றித்தான் கவலை என்றால் ஐரீன் ஆட்லரைப் பாருங்கள். மூலக்கதையில் அவர் ஹோம்ஸின் மாறுவேடத்தைக் கண்டுபிடித்து, ஆண் உடையில் பின்தொடர்ந்து வந்து அவருக்கே குட் நைட் சொல்லிவிட்டு, கணவரோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறார். ஹோம்ஸுக்குச் சுத்தமான தோல்வி. பிபிசியிலோ ஷெர்லாக் அவருடைய போன் பாஸ்வேர்டை உடைத்து ஜெயிக்கிறார். கடைசியில் தலை வெட்டப்பட இருந்தவரைக் காப்பாற்றவும் செய்கிறார். 'எலிமென்டரி' ஐரீனையே ஹோம்ஸின் பரம எதிரியான மோரியார்ட்டி ஆக்கியது. அதுவும் மூலத்திலிருந்து வெகுதூரம்தான். ஆனால் அங்கே மோரியார்ட்டியின் பலவீனம் எது என்று சரியாகப் படித்து, அவர் சிக்க வழி செய்வது வாட்சன். 1891இல் ஐரீனிடம் டாயில் கொடுத்த கௌரவம் அந்தக் காட்சியில் வாட்சனிடம் இருக்கிறது.

என் தீர்ப்பு: துப்பறியும் அழகுக்கு 'ஷெர்லாக்'கின் முதல் இரண்டு சீசன்கள், ஹோம்ஸ்-வாட்சன் நட்புக்கு 'எலிமென்டரி'. 'ஷெர்லாக்'கின் கடைசி சீசனுக்காக நண்பர்களோடு சண்டை போடாதீர்கள். அது அதற்குத் தகுதியானதில்லை.

இன்னொன்று. 2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாடகம் நடந்தபோது விஞ்ஞானியாகவும் அவர் படைத்த உயிராகவும் மாறி மாறி நடித்த இருவர் 'ஷெர்லாக்'கின் ஹோம்ஸான பெனடிக்ட் கம்பர்பாட்ச்சும் 'எலிமென்டரி'யின் ஜானி லீ மில்லரும். ஆலிவியர் விருதையும் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். உங்கள் இரண்டு ஹோம்ஸுக்கும் நடுவே பகை கிடையாது. ஐரீன் வரும் மூலக்கதையைப் படித்துவிட்டு, 'எலிமென்டரி' முதல் சீசனின் கடைசி எபிசோடை நண்பர்களோடு உட்கார்ந்து பாருங்கள். அப்போதும் துரோகம் என்று தோன்றினால், எந்தக் காட்சியில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்; பதில் சொல்கிறேன்.