நூற்றறுபதாம் பக்கத்தில் நிற்கும் நிரல்

அன்புள்ள ஐயா,

எங்கள் நூலகத்திலுள்ள பழைய நூல்களின் வருடிய பிடிஎஃப்களை படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் எழுத்துணரிக்குக் கொடுத்து, தேடத்தக்க பிடிஎஃப்களாக மாற்றும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். அது ஒவ்வொரு பக்கத்தையும் 300 டிபிஐ அளவில் படமாக எடுத்து, தற்காலிகக் கோப்புகளுக்கான '/டெம்ப்' அடைவில் வைக்கும். பிறகு படத்தை நேராக்கி அதன் மேலேயே எழுதி, டெசராக்ட் என்ற எழுத்துணரியிடம் கொடுக்கும். எல்லாப் பக்கங்களும் முடிந்ததும் அவற்றை ஒரே பிடிஎஃப்பாக இணைத்துச் சேமிப்பு அடைவுக்கு நகர்த்திவிட்டு, படங்களை மொத்தமாக அழிக்கும். நெடுநாள் சிக்கலின்றி ஓடிய நிரல் இது. அண்மையில் கணினியில் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13 புதிதாக நிறுவப்பட்டது. அதன்பின் பெரிய நூல்களில் நூற்றைம்பது, நூற்றறுபது பக்கங்களை எட்டும்போது 'சாதனத்தில் இடமில்லை' என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. வன்தட்டில் பாதிக்குமேல் காலியாகத்தான் இருக்கிறது. நினைவகம் 8 ஜிபி. இன்னொன்று, சேமிப்பு அடைவைக் கவனித்துப் பட்டியலிடும் வேறொரு நிரல் இப்போதெல்லாம் சில வேளைகளில் பாதிக் கோப்பை எடுத்துக்கொள்கிறது. முன்பு அப்படி நடந்ததே இல்லை.

பெயர்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, நேரத்தையும் பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எண்ணையும் சேர்த்துக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கிறேன். நிரலை இடையில் நிறுத்தினால் மட்டும் மிச்சம் கிடக்கிறது. அதையும் இயங்குதளமே பிற்பாடு சுத்தம் செய்துவிடும் என்கிறபோது, நான் தனியே மெனக்கெட வேண்டுமா?

ப.செ.

அன்புள்ள ப.செ.,

நீங்கள் சொல்லும் இரண்டு புதிய தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றுதான், அது உங்கள் நிரலுக்கு வெளியே நடந்த மாற்றம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் '/டெம்ப்' அடைவு இயல்பாகவே டெம்ப்எஃப்எஸ் ஆக அமைக்கப்படுகிறது. அதாவது அங்கே வைக்கும் கோப்புகள் வன்தட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கின்றன. அந்த அடைவின் உச்ச அளவு மொத்த நினைவகத்தில் பாதி. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் விநியோகம் இதை 2013-இல் வந்த 18-ஆம் பதிப்பிலேயே செய்துவிட்டது. டெபியன் மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏ4 அளவுப் பக்கம் 300 டிபிஐயில் 2480-க்கு 3508 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றால், சுருக்கப்படாத பிபிஎம் படம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 26 எம்பி. உங்கள் கணினியில் '/டெம்ப்' கொள்ளக்கூடியது 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. நூற்றைம்பது, நூற்றறுபது பக்கங்களில் அது நிரம்பித்தான் ஆக வேண்டும். காலியிடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையை வன்தட்டுக்குக் கொடுத்துப் பார்த்திருப்பீர்கள். அதையே '/டெம்ப்' என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் பிழைச்செய்தி சொன்னது சரிதான் என்று தெரியும்.

இதில் இடப் பற்றாக்குறையைவிட மோசமான ஒரு விளைவும் இருக்கிறது. அந்தப் படங்கள் பிடித்துக்கொண்டிருப்பது டெசராக்ட் வேலை செய்யவேண்டிய அதே நினைவகத்தை. நெருக்கடி முற்றினால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்று நினைவகத்தை மீட்கப் பார்க்கும். கொல்லப்பட்ட பிராசஸின் சொந்த நினைவகம் திரும்பிவிடும். அது டெம்ப்எஃப்எஸில் விட்டுச்சென்ற கோப்புகளோ யாராவது அழிக்கும்வரை அல்லது கணினி மறுபடி தொடங்கும்வரை அப்படியே இருக்கும். வன்தட்டில் கிடக்கும் குப்பை இடத்தை மட்டும் அடைக்கும், இந்தக் குப்பை மற்ற நிரல்கள் எல்லாவற்றையும் மூச்சுமுட்ட வைக்கும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஒரு பக்கம் முடிந்ததும் அதன் படத்தை அப்போதே அழித்துவிடுவது. இருநூறு பக்கப் படங்கள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய தேவை உங்கள் வேலையில் எங்குமே இல்லை. இணைப்பதற்குத் தேவைப்படுபவை பக்கவாரியான சிறிய பிடிஎஃப்கள் மட்டும். பழைய கறுப்பு வெள்ளை நூல்கள் என்றால் பிடிஎஃப் பக்கங்களைப் படமாக்கும் 'பிடிஎஃப்டுபிபிஎம்' கருவியைச் சாம்பல் நிறப் படம் தரச் சொல்லலாம். அளவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். நேராக்கத் தேவையில்லாத நூல்களுக்குப் படக் கோப்பே வேண்டியதில்லை. அந்தக் கருவி படத்தை நேரடி வெளியீடாகவும் தரும், டெசராக்ட் அதை நேரடி உள்ளீடாகவும் பெற்றுக்கொள்ளும், நடுவில் ஒரு பைப் போதும்.

இடத்தைப் பொறுத்தவரை, பெரிய கோப்புகளுக்கு உரிய இடம் '/வார்/டெம்ப்'. அது வன்தட்டில் இருப்பது, கணினி மறுபடி தொடங்கினாலும் அழியாதது. ஆனால் உங்கள் நிரலில் '/டெம்ப்' என்று எழுதியிருக்கும் இடத்தில் '/வார்/டெம்ப்' என்று மாற்றி எழுதினால், அதே தவறு வேறொரு பெயரில் தொடரும். பைத்தானின் 'டெம்ப்ஃபைல்' நூலகம் 'டிஎம்பிடிஐஆர்' என்ற சூழல் மாறியை முதலில் பார்க்கிறது. அது இல்லாவிட்டால்தான் '/டெம்ப்' முதலிய வழக்கமான இடங்களுக்குப் போகிறது. நிரலில் எந்தப் பாதையையும் நேரடியாக எழுதாமல் இந்த நூலகத்திடம் விட்டுவிட்டீர்கள் என்றால், எங்கே வைப்பது என்பதைக் கணினியை நிர்வகிப்பவர் ஒரே வரியில் தீர்மானித்துக்கொள்வார்.

பாதிக் கோப்பு விஷயத்துக்கு வருகிறேன். முன்பு '/டெம்ப்' அடைவும் சேமிப்பு அடைவும் ஒரே கோப்பு முறைமையில் இருந்திருக்கும். ஒரே முறைமைக்குள் நகர்த்துவது என்பது பெயர்மாற்றம் மட்டுமே. பார்ப்பவர் கண்ணுக்குக் கோப்பு முழுதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது, இடைநிலை கிடையாது. இப்போது '/டெம்ப்' தனி முறைமை ஆகிவிட்டது. இரு முறைமைகளுக்கு இடையே பெயர்மாற்றம் செய்ய முடியாது. 'ஓஎஸ்.ரீநேம்' பயன்படுத்தியிருந்தால் அது பிழையைக் கொடுத்து உங்களை எச்சரித்திருக்கும். நீங்கள் பயன்படுத்துவது 'ஷட்டில்.மூவ்' என்று ஊகிக்கிறேன். அது பெயர்மாற்றம் முடியாதபோது எதுவும் சொல்லாமல் நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிக்கும். சில நூறு எம்பி நகலாகிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் உங்கள் பட்டியல் நிரல் உள்ளே நுழைகிறது. இறுதிக் கோப்பை மட்டும் சேமிப்பு அடைவுக்குள்ளேயே, பட்டியல் நிரல் கண்டுகொள்ளாத ஒரு பின்னொட்டோடு எழுதி மூடிவிட்டு, 'ஓஎஸ்.ரீப்ளேஸ்' கொண்டு உரிய பெயருக்கு மாற்றுங்கள். மின்சாரம் போனாலும் உள்ளடக்கம் தப்ப வேண்டும் என்றால், பெயர் மாற்றும் முன், எழுதியதை வன்தட்டில் சேர்ப்பிக்கும் 'எஃப்சிங்க்' அழைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தற்காலிகக் கோப்புகளும் தற்காலிக அடைவில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஒன்றன் இடத்தில் அமரப்போகும் கோப்பு அதன் பக்கத்திலேயே உருவாக வேண்டும்.

பெயர் வைக்கும் உங்கள் முறையைக் கைவிடச் சொல்வேன். நேரமும் பிராசஸ் எண்ணும் உங்கள் நிரலின் இரண்டு ஓட்டங்கள் தற்செயலாக மோதாமல் காக்கும். வேண்டுமென்றே மோத வருபவரிடமிருந்து காக்காது. '/டெம்ப்' எல்லோருக்கும் திறந்த அடைவு. அதன் அனுமதிகளின் கடைசியில் 'டி' (t) என்ற எழுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வைத்த கோப்பை இன்னொருவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது என்பதற்கான குறி அது. ஆனால் யாரும் எந்தப் பெயரிலும் புதிதாக ஒன்றை வைக்கலாம். நீங்கள் வைக்கப்போகும் பெயரை ஊகிக்க முடிந்த ஒருவர், அதே பெயரில் முன்கூட்டியே ஒரு சிம்லிங்கை வைத்து, அது உங்களுடைய முக்கியமான கோப்பு ஒன்றைச் சுட்டும்படி செய்துவிட்டால், உங்கள் நிரலே உங்கள் அனுமதியோடு அந்தக் கோப்பின்மேல் எழுதும். 2012-இல் வந்த லினக்ஸ் கெர்னல் 3.6 முதல் இதைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது, இன்றைய விநியோகங்களில் பெரும்பாலும் அது இயக்கப்பட்டும் இருக்கிறது. அது கடைசி அரண். அதை நம்பி நிரல் எழுதக் கூடாது.

அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டுத் திறந்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். பேருந்தின் சன்னல் வழியே காலி இருக்கையைப் பார்த்துவிட்டு, வாசலைச் சுற்றி வந்து ஏறுவதற்குள் வேறொருவர் அமர்ந்துவிடுவதைப் போல, சோதிப்பதற்கும் திறப்பதற்கும் இடையில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கிறது. 'இந்தப் பெயரில் எது இருந்தாலும் திறக்காதே, இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு' என்று ஒரே அழைப்பில் கெர்னலிடம் சொல்வதுதான் வழி. சி மொழியின் 'எம்கேஎஸ்டெம்ப்' அப்படித்தான் செய்கிறது. பெயரை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பழைய 'எம்கேடெம்ப்' சார்பை, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரம் 2008-இல் நீக்கிவிட்டது. பைத்தானிலும் அதே பெயருள்ள சார்பு 2003-இல் வந்த 2.3-ஆம் பதிப்பிலிருந்தே கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அது இன்னும் நூலகத்தில் இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளிலும் இருக்கிறது.

உங்கள் வேலைக்குத் தனித்தனிக் கோப்புகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படவும் வேண்டாம். நிரல் தொடங்கியதும் 'டெம்பரரிடைரக்டரி' கொண்டு ஓர் அடைவை மட்டும் உருவாக்குங்கள். அது ஊகிக்க முடியாத பெயரோடும், உங்களைத் தவிர வேறு யாரும் உள்ளே நுழையவோ எட்டிப்பார்க்கவோ முடியாத 0700 அனுமதியோடும் பிறக்கும். அதற்குள் 'பக்கம்-001' என்று மனத்துக்குத் தோன்றிய எளிய பெயரை வைத்துக்கொள்ளலாம். போட்டிக்கு வர ஆளில்லை. நேராக்கும் கருவியும் டெசராக்டும் உங்களுக்குத் தெரியாமல் பக்கத்தில் எதையாவது போட்டுவைத்தாலும் அதுவும் அதே அடைவோடு போய்விடும். ஒவ்வொரு கோப்பையும் பெயர்சொல்லி அழிக்கும் பட்டியலைப் பராமரிப்பதைவிட, ஓர் அடைவுக்குப் பொறுப்பேற்பதையே நான் எப்போதும் விரும்புவேன்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி. நிரலின் கடைசி வரிகளில் இருக்கும் சுத்தம், நிரல் கடைசி வரியை எட்டினால்தான் நடக்கும். அடைவை 'வித்' தொகுதிக்குள் உருவாக்கினால், நடுவில் விதிவிலக்கு எழுந்தாலும், நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் அது அழிக்கப்படும். பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். கணினியை அணைக்கும்போதும், 'கில்' கட்டளையை வெறுமனே கொடுக்கும்போதும் வருவது சிக்டெர்ம் என்ற வேறொரு சிக்னல். பைத்தான் அதை விதிவிலக்காக மாற்றித் தருவதில்லை. பிராசஸ் நின்ற இடத்திலேயே இறந்துவிடும், 'வித்' தொகுதியின் முடிவு நடக்கவே நடக்காது. நிரலின் தொடக்கத்தில் சிக்டெர்முக்கு ஒரு கையாளியைப் பதிந்து, அதில் 'சிஸ்.எக்ஸிட்' அழைத்தால் போதும். அது விதிவிலக்காக எழுந்து, வழியிலுள்ள 'வித்' தொகுதிகளை முறையாக மூடிக்கொண்டு வெளியேறும்.

பிராசஸை உடனே கொல்லும் சிக்கில் சிக்னலையும் மின்வெட்டையும் எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. இயங்குதளம் சுத்தம் செய்துவிடும் என்று நீங்கள் எழுதியது இங்கேதான் பொருந்தும், ஆனால் அதன் வேகத்தைப் பாருங்கள். புதிதாக நிறுவிய டெபியன் 13-இல், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி '/டெம்ப்' அடைவில் பத்து நாள்கள் தொடப்படாதவற்றையும், '/வார்/டெம்ப்' அடைவில் முப்பது நாள்கள் தொடப்படாதவற்றையும் அழிக்கிறது. நான் மேலே சொன்னபடி நீங்கள் '/வார்/டெம்ப்'புக்கு மாறினால், மறுதொடக்கத்தில் தானாகத் துடைக்கப்படும் வசதியும் போய்விடும். பாதியில் செத்த ஒவ்வோர் ஓட்டத்தின் மிச்சமும் ஒரு மாதம் அங்கே இருக்கும்.

ஆகவே நிரல் தொடங்கும்போது, தன் முந்தைய ஓட்டங்கள் விட்டுச்சென்ற குப்பையைத் தானே பெருக்கித் தள்ள வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: அதே நேரத்தில் இன்னொரு நூலுக்காக ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் நிரலின் அடைவையும் சேர்த்து அழித்துவிடக் கூடாது. பெயரிலுள்ள பிராசஸ் எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க முயல்வார்கள். எண்கள் சுற்றிவந்து வேறொரு பிராசஸுக்குக் கிடைக்கும் என்பதால் அது நம்பத்தக்கதல்ல. அடைவை உருவாக்கியதும் அதைத் திறந்து, 'எஃப்லாக்' கொண்டு பூட்டிவைத்துக்கொள்ளுங்கள். பிராசஸ் எந்த வகையில் இறந்தாலும், சிக்கில் ஆனாலும், கெர்னல் அந்தப் பூட்டை விடுவித்துவிடும். பெருக்க வரும் ஓட்டம், உங்கள் முன்னொட்டைக் கொண்டதும் உங்களுக்கே உரிமையானதுமான ஒவ்வோர் அடைவையும் காத்திருக்காமல் பூட்டிப் பார்க்க வேண்டும். பூட்டு கிடைத்தால் உரியவர் உயிரோடு இல்லை, அழிக்கலாம். கிடைக்காவிட்டால் தொடாமல் விடவேண்டும். உருவாக்கியதற்கும் பூட்டியதற்கும் இடையிலுள்ள கண நேரத்தில் யாரும் அழித்துவிடாதிருக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் பழைய அடைவுகளை மட்டும் பரிசீலித்தால் போதும். சிஸ்டம்டியின் துப்புரவும் இப்படிப் பூட்டப்பட்ட அடைவுக்குள் நுழைவதில்லை என்பதால், பல நாள் ஓடும் வேலைகளுக்கும் இதே பூட்டு காவலாகிறது.

நிரலை யாராவது விண்டோஸில் ஓட்டப்போகிறார்கள் என்றால், அங்கே 'எஃப்லாக்' இல்லை. பைத்தான் அங்கே திறந்துவைத்திருக்கும் கோப்பைச் சாதாரணமாக அழிக்கவும் முடியாது. படங்களை மூடிவிட்டு அழிக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். அடைவு முறை அங்கும் அப்படியே பொருந்தும்.

எல்லாம் எழுதி முடித்ததும், ஒரு நூலை ஓடவிட்டு ஐம்பதாவது பக்கத்தில் சிக்டெர்ம் அனுப்பிப் பாருங்கள்; '/வார்/டெம்ப்'பில் உங்கள் அடைவு இருக்கக் கூடாது. மறுபடி ஓடவிட்டு இம்முறை சிக்கில் அனுப்புங்கள். அடைவு கிடக்கும், உள்ளே ஒரே ஒரு பக்கப் படமும் அதுவரை முடிந்த பக்கங்களின் பிடிஎஃப்களும் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மூன்றாம் முறை தொடங்கும்போது அந்தப் பழைய அடைவு போய்ப் புதியது மட்டும் நின்றால், நீங்கள் அதை இரவில் தனியே ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.