ஆப் காட்டும் வாட்: எதை நம்பலாம், எங்கே நம்பக்கூடாது?

கேள்வி: என் போனில் இருக்கும் சைக்கிள் ஆப் ரைடு முடிந்ததும் சராசரி வாட் (நான் மிதித்த சக்தியின் அளவு) எவ்வளவு என்று காட்டுகிறது. அது சரியா என்று பார்க்க, பவர் மீட்டர் பொருத்திய நண்பரின் சைக்கிளை இரவல் வாங்கி, சமதளமான நேர் சாலையில் 10 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பி வந்தேன். பவர் மீட்டர் 159 வாட், ஆப் 160 வாட். ஒரே ஒரு வாட்தான் வித்தியாசம்! இனி எதற்கு சார் தனியாகப் பவர் மீட்டர்?

பதில்: அந்த ஒரு வாட்டை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் செய்தது நல்ல சோதனைதான், ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். இரண்டு பதிவுகளையும் திறந்து, போன 10 கிலோமீட்டரைத் தனியாகவும் வந்த 10 கிலோமீட்டரைத் தனியாகவும் பாருங்கள். அன்றைக்குக் கொஞ்சம் காற்று இருந்திருந்தால் கதை தலைகீழாக மாறிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். பவர் மீட்டர் உங்கள் காலின் அழுத்தத்தை நேரடியாக அளக்கிறது. கிராங்கிலோ (பெடலைத் தாங்கும் கை) பெடலிலோ ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு உணரிகள், நீங்கள் மிதிக்கும்போது உலோகம் எவ்வளவு வளைகிறது என்று பார்க்கின்றன (ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் 1986-ல் தொடங்கிய எஸ்ஆர்எம் நிறுவனத்தின் மீட்டர்கள் அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான்). ஆப் எதையும் அளப்பதில்லை. அதற்குத் தெரிந்தது உங்கள் வேகம், நீங்கள் இருக்கும் உயரம், நீங்கள் தட்டிக் கொடுத்த எடை, சைக்கிள் வகை, அவ்வளவுதான். இந்த எடையை இந்த வேகத்தில் இந்தச் சாலையில் தள்ள எவ்வளவு சக்தி வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அதை உங்கள் கால் மேல் எழுதிவிடுகிறது. ஏற்றத்தில் தூக்கும் சக்தி, டயர் உருளும்போது பிடிக்கும் இழுவை, எதிரே வரும் காற்றைப் பிளக்கும் சக்தி, வேகம் கூட்டத் தேவையான சக்தி என்று நாலு கூறு. இதில் காற்றைப் பிளக்கும் கூறுதான் வம்பு, ஏனென்றால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று போனுக்குத் தெரியாது.

உங்கள் ரைடையே எடுத்துக்கொள்வோம். உங்கள் எடையும் சைக்கிள் எடையும் சேர்த்து 80 கிலோ, சாதாரணமாகக் குனிந்து ஓட்டுகிறீர்கள், நல்ல ரோடு டயர் என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றே இல்லாத நாளில் 159 வாட் மிதித்தால் மணிக்கு 30 கிலோமீட்டர் போகலாம். இப்போது நொடிக்கு 2 மீட்டர் காற்று வீசட்டும். மணிக்கு 7 கிலோமீட்டர்தான் வரும், மரத்தில் இலை சலசலக்கும், முகத்தில் லேசாகப் படும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதே 159 வாட்டில் எதிர்க்காற்றில் உங்கள் வேகம் சுமார் 25.8 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். வேகம் குறைந்ததைப் பார்த்த ஆப், ‘இவர் மெதுவாக மிதிக்கிறார்’ என்று நினைத்து 108 வாட் என்று எழுதும். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளுகிறது, அதே 159 வாட்டில் வேகம் சுமார் 34.6. ஆப் 230 வாட் என்று எழுதும். நீங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் மிதித்தீர்கள்!

இனி நேரத்தைக் கணக்கில் எடுத்துச் சராசரி பாருங்கள். போக 23 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், வர 17 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 108-ம் 230-ம் சேர்ந்து வரும் சராசரி 160. போகும்போது 51 வாட் குறைத்துச் சொன்னது, வரும்போது 71 வாட் கூட்டிச் சொன்னது, கடைசியில் இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒரு வாட்டில் வந்து நிற்கிறது. போய்த் திரும்பும் சாலையில் சராசரியை மட்டும் ஒப்பிடுவது அதனால்தான் எனக்குப் பிடிக்காத சோதனை. காற்று இன்னும் பலமாகவோ, குறுக்கிலோ, நடுவில் திசை மாறியோ வீசினால் சராசரியும் இப்படிப் பொருந்தி வராது.

கேள்வி: ஓட்டும்போது ஆப்பில் வாட் எண் நொடிக்கு நொடி குதிக்கிறது. 90 என்கிறது, அடுத்த நொடி 240 என்கிறது. நான் சீராகத்தான் மிதிக்கிறேன். போன் பழுதா?

பதில்: போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஜிபிஎஸ் அப்படித்தான். திறந்த வானத்தின் கீழே சாதாரண ஸ்மார்ட்போனின் இடத்துல்லியம் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள். வழி காட்ட அது தாராளம், வாட் கணக்குக்குப் போதாது. 80 கிலோ எடை 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஒரு நொடியில் வேகம் வெறும் 0.36 கிலோமீட்டர் கூடியதாகப் போன் தப்பாக எண்ணினால் போதும், ஆப்பின் கணக்கில் 67 வாட் ஏறிவிடும்.

உயரம் அதைவிட மோசம். 100 மீட்டர் தூரத்தில் உயரம் ஒரே ஒரு மீட்டர் பிசகினால், அதே வேகத்தில் 65 வாட் பிசகும். ஒரு தடவை போனை ஜன்னல் ஓரம் அசையாமல் வைத்துவிட்டு, ஜிபிஎஸ் உயரத்தை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். மேஜை நகரவில்லை, போன் நகரவில்லை, எண் மட்டும் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நான் முதல் முறை இதைப் பார்த்த பிறகு நொடிக்கு நொடி வரும் வாட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பாரோமீட்டர் உள்ள போன் எவ்வளவோ மேல், ஆனால் அது காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிறது. தரைமட்டத்துக்கு அருகே அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மாறினால் 8 மீட்டருக்கு மேல் கணக்கு மாறும். வானிலை மாறினாலும் மாறும், போன் மேல் காற்று பலமாக அடித்தாலும் மாறும். சில ஆப்கள் வரைபடத்தில் இருக்கும் உயரத்தை எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் அது நல்லதுதான், பாலத்தின் மேல் போகும்போது கீழே இருக்கும் பள்ளத்தின் உயரத்தை எடுத்துக்கொண்டால் மட்டும் விபரீதம்.

ஆகவே ஆப்பின் எண்ணைக் குறைந்தது ஐந்து நிமிடச் சராசரியாகப் பாருங்கள். ஸ்பிரிண்ட் அடித்தபோது எத்தனை வாட் என்று ஆப்பிடம் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: பவர் மீட்டர் இரவல் கொடுக்க எனக்கு யாரும் இல்லை. ஆப் சொல்வது சரியா என்று நானே சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் எனக்கு மிகப் பிடித்த வழி. மேட்டுக்குப் போங்கள். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு, அதனால் காற்றின் கை தாழ்ந்துவிடும். நீங்கள் போடும் சக்தியில் பெரும்பகுதி எடையை மேலே தூக்கத்தான் செலவாகிறது. எடையும் உயரமும் நேரமும் நம்மால் சரியாக அளக்கக்கூடியவை.

6 முதல் 8 சதவீதச் சரிவில், நடுவில் இறக்கமோ சிக்னலோ இல்லாமல், பத்து நிமிடமாவது ஏறுகிற மாதிரி ஒரு சாலை வேண்டும். கீழே ஒரு அடையாளம், மேலே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் இடையிலான உயர வித்தியாசத்தை ஆப்பிலிருந்து எடுக்காமல் நல்ல நிலவரைபடத்திலிருந்து எடுங்கள். அப்புறம் எடை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஷூ, ஹெல்மெட், தண்ணீர் நிரம்பிய பாட்டில், டூல் பை எல்லாவற்றோடும் சைக்கிளைக் கையில் தூக்கிக்கொண்டு எடைமெஷின் மேல் ஏறி நில்லுங்கள். முள் காட்டுவதுதான் மொத்த எடை, ஆப்பில் கொடுத்த உங்கள் எடையையும் சைக்கிள் எடையையும் கூட்டினால் அதே எடை வர வேண்டும். இதில் 5 கிலோ தப்பினால் ஏற்றத்தில் விடையும் கிட்டத்தட்ட 6 சதவீதம் தப்பும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மொத்தம் 80 கிலோ, 3 கிலோமீட்டர் சாலை, 200 மீட்டர் உயரம், 15 நிமிடத்தில் ஏறினீர்கள். 80-ஐ 9.81-ஆலும் 200-ஆலும் பெருக்கி, 900 நொடியால் வகுத்தால் 174 வாட். இது தூக்கியதற்கு மட்டும். டயர் இழுவைக்கு 13 வாட் சேர்த்துக்கொள்ளுங்கள், 12 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு ஒரு 8 வாட், செயினில் வீணாகும் சுமார் 3 சதவீதத்துக்கு ஒரு 6 வாட். ஆக மொத்தம் 201 வாட். காற்றில்லாத காலையில் இதே ஏற்றத்துக்கு ஆப் 190-லிருந்து 210-க்குள் சொன்னால் அதற்குக் கொடுத்த எடையும் அது எடுத்த உயரமும் சரி என்று அர்த்தம். 240 என்றால் எடையையோ உயரத்தையோ தேடுங்கள், அங்கேதான் தப்பு இருக்கும். ஆப்பும் இதே கணக்கைத்தான் போடுகிறது என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் சோதிப்பது அதற்குள் போகும் எண்களை.

காற்று எவ்வளவு கெடுக்கிறது என்று பார்க்க இதயத் துடிப்பு காட்டும் பட்டை ஒன்று போதும். காற்றடிக்கிற நாளில் சமதளச் சாலையில், இதயத் துடிப்பை ஒரே எண்ணில் வைத்துக்கொண்டு போய்த் திரும்புங்கள். துடிப்பு மாறாமல் ஆப்பின் வாட் மட்டும் மடங்காக எகிறினால் காரணம் புரிந்துவிடும்.

கேள்வி: என்னிடம் பவர் மீட்டரும் இருக்கிறது. ஆப்பையும் அதையும் முறையாக எப்படி ஒப்பிடுவது?

பதில்: முதலில் மீட்டரையே ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலான மீட்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் பிழை 1 முதல் 2 சதவீதம், அதுவும் ஒவ்வொரு ரைடுக்கு முன்னும் பூஜ்யம் செய்தால்தான் (மிதிக்காதபோது மீட்டர் 0 காட்டும்படி சரிசெய்வது). சைக்கிளை வெளியே நிறுத்தி, மீட்டர் வெளியின் சூட்டுக்கோ குளிருக்கோ வந்தபின் செய்யுங்கள். இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் வகை மீட்டர் என்றால், உங்கள் இரண்டு கால்களும் சமமில்லாத அளவுக்கு அதுவும் தப்பும். கிராங்கில் அளக்கும் மீட்டருக்கும் பின்சக்கரத்தில் அளக்கும் மீட்டருக்கும் நடுவே செயின் தின்றுவிடும் 2, 3 சதவீதம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டையும் ஒரே ரைடில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனில் மீட்டரை இணைக்காதீர்கள். இணைத்தால் பல ஆப்கள் தங்கள் கணிப்பை விட்டுவிட்டு மீட்டர் எண்ணையே காட்டும், நீங்கள் மீட்டரை மீட்டரோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். பிறகு ரைடை ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஆப்பிலிருந்து மீட்டரைக் கழியுங்கள். எல்லாத் துண்டிலும் 15 வாட் கூடுதலாகவே வந்தால் அது சரிசெய்யக்கூடிய தப்பு, எடையோ சைக்கிள் வகையோ மாற்றிப் பார்க்கலாம். ஒரு துண்டில் 50 கூட, ஒரு துண்டில் 40 குறைய என்று சிதறினால் எந்த செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது. ஏற்றத்துண்டுகளைத் தனியாகவும் சமதளத்துண்டுகளைத் தனியாகவும் வையுங்கள். இரண்டையும் கலந்தால் ஆப்புக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் பயனில்லை.

உட்காரும் விதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள், ஒரே சைக்கிள், நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு கணக்கு, ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தால் வேறு கணக்கு, 30 கிலோமீட்டர் வேகத்தில் இதிலேயே 30 வாட்டுக்கு மேல் மாறலாம். போனுக்கு நீங்கள் குனிந்தது தெரியவே தெரியாது.

கேள்வி: குழுவாக ஓட்டும்போது நான் எப்போதும் பின்னால்தான் வருவேன். ஆனால் ஆப் எனக்கும் முன்னால் இழுத்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வாட் காட்டுகிறது. நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்து கொடுக்கிறார், அவர் சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு அதே வேகத்துக்கு நாலில் ஒரு பங்கு, சமயத்தில் அதற்கு மேலும் சக்தி மிச்சம். ஆப் வேகத்தை மட்டும் பார்ப்பதால் இரண்டு பேருக்கும் ஒரே கூலி போடுகிறது. குழு ரைடின் வாட்டை உங்கள் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வாட் தப்பென்றால் அது காட்டும் கலோரியும் தப்புதானே?

பதில்: வாட்டிலிருந்து கணக்குப் போட்டிருந்தால் ஆமாம், ஆனால் இங்கே சராசரி போதும் என்பதால் பாதிப்பு குறைவு. 160 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் 576 கிலோஜூல் வேலை. ஒரு கிலோகலோரி என்பது 4.184 கிலோஜூல், உடம்போ தான் எரிப்பதில் 20 முதல் 25 சதவீதத்தைத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிவிடுவதால், 576 கிலோஜூல் மிதிக்க நீங்கள் எரித்தது 550 முதல் 690 கிலோகலோரி. போய்த் திரும்பிய நீண்ட ரைடு என்றால் ஆப் காட்டும் கலோரியை ஓரளவு எடுத்துக்கொள்ளலாம். காற்று முதுகில் தள்ளி ஒரே பக்கமாகப் போன ரைடு என்றால் எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் பாதி காற்று செய்த வேலையாக இருக்கலாம்.