இன்சுலின் அளவு குறைகிறதே, நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, எடை 24 கிலோ. ஆறு வாரத்துக்கு முன் வாந்தியும் மூச்சு வாங்கலுமாக மருத்துவமனையில் சேர்த்தோம். சர்க்கரை 520, டைப் 1 என்றார்கள். வீடு திரும்பும்போது நாளொன்றுக்கு மொத்தம் 22 யூனிட் இன்சுலின். இப்போது டாக்டர் குறைத்துக் குறைத்து 10 யூனிட்டில் வந்து நிற்கிறது. அப்படியும் சில நாள் 65, 68 என்று இறங்குகிறது. பக்கத்து ஊரில் ஒருவர், ஒரு மண்டலம் லேகியம் சாப்பிட்டால் ஊசியே தேவைப்படாது என்கிறார். என் மாமியார் முதல் தவணை மருந்தை வாங்கியும் வந்துவிட்டார். குறைகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. நிறுத்திப் பார்க்கலாமா?
— ஒரு வாசகி, செய்யாறு

பதில்: நிறுத்த வேண்டாம். சோதித்துப் பார்க்க ஒரு நாள்கூட வேண்டாம். டாக்டர் அளவைக் குறைக்கிறார் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், அது சரியான சிகிச்சை. குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும் உள்ள தூரம்தான் உங்கள் மகள் வீட்டில் இருப்பதற்கும் ஐசியூவில் இருப்பதற்கும் உள்ள தூரம்.

இப்போது நடப்பதற்கு ஒரு பெயர் உண்டு. 'ஹனிமூன்', தேனிலவுக் காலம் என்பார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழிப்பதுதான் டைப் 1. நோய் தெரிய வந்த அன்று பெரும்பாலான செல்கள் போயிருக்கும், ஆனால் முழுதாகப் போயிருக்காது. மிஞ்சியவையும் 520 சர்க்கரையில் திணறிச் சோர்ந்து கிடந்தன. வெளியிலிருந்து இன்சுலின் போனதும் அவற்றின் பாரம் இறங்கியது, மறுபடி கொஞ்சம் சுரக்கத் தொடங்கின. அதோடு, நோய் முற்றியிருந்தபோது உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை. இப்போது கட்டுப்படுகிறது. இரண்டும் சேர்ந்துதான் 22 என்பது 10 ஆனது. ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு அரை யூனிட்டுக்குள் தேவை இருந்தால் தேனிலவு என்று கணக்கு. உங்கள் மகளுக்கு அந்தக் கோடு 12. அவள் அதற்குக் கீழே வந்துவிட்டாள்.

இது சில மாதம் நீடிக்கும், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். ஆனால் செல்களை அழிக்கும் வேலை உள்ளே நிற்கவில்லை. மிஞ்சியவையும் மெல்ல மெல்லப் போகும், யூனிட் மறுபடி ஏறும். கிலோவுக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் வரை போகலாம், பருவமடையும் வயதில் அதற்கும் மேல். அப்படி ஏறும் நாளில், பிறந்தநாளுக்குச் சாப்பிட்ட கேக்கால்தான் வந்தது என்று வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

இனி லேகியக்காரர். 48 நாள் என்ற கணக்கைக் கவனியுங்கள். தேனிலவு தொடங்குவது நோய் தெரிந்த சில வாரங்களில். மருத்துவமனையிலிருந்து வந்த குடும்பத்தை உறவுக்காரர் கூட்டிக்கொண்டு இவரிடம் போவதும் அதே வாரங்களில். ஒரு மண்டலம் மருந்து கொடுத்தால், அந்த 48 நாளில் இன்சுலின் தேவை தானாகவே பாதியாகும். லேகியத்துக்குப் பதில் வெறும் வெல்லப்பாகைக் கொடுத்தாலும் குறையும்! பெயர் மட்டும் அவருக்குப் போய்விடும். கூடவே அரிசி கூடாது, பழம் கூடாது, பாகற்காய்தான் என்று பத்தியம் வைப்பார்கள். மாவுச்சத்து உள்ளே போகாவிட்டால் யாருக்கும் சர்க்கரை இறங்கும். வளரும் குழந்தைக்கு எடையும் சேர்ந்து இறங்கும்.

நிறுத்திய முதல் வாரம் பெரிதாக ஒன்றும் நடக்காமல் போகலாம், அதுதான் பொறி. மிஞ்சிய செல்கள் இழுத்துப் பிடித்து 140, 160 என்று காட்டலாம். "பார்த்தீர்களா?" என்பார் அவர். பிறகு ஒரு சளிக்காய்ச்சல் வரும், அன்று தேவை திடீரென்று கூடும், மிஞ்சிய செல்களால் ஈடுகொடுக்க முடியாது. உடல் சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேரும். ஆறு வாரத்துக்கு முன் பார்த்த அதே வாந்தி, அதே மூச்சு வாங்கல். போன முறை சரியான நேரத்தில் கொண்டுபோனீர்கள். இந்த முறை 'மருந்து வேலை செய்யும்போது அப்படித்தான் வாந்தி வரும்' என்று சொல்லி ஒரு நாளைக் கடத்துவார்கள், அந்த ஒரு நாள்தான் ஆபத்து.

முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் யாரும் டைப் 1 குழந்தையின் இன்சுலினை நிறுத்தச் சொல்ல மாட்டார். நான் பேசுவது பேருந்து நிலையச் சுவரொட்டி ஆட்களைப் பற்றி. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன் பட்டியலில் சர்க்கரை நோய் பெயர் சொல்லியே வருகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, சுவரொட்டி சுவரில் இருக்கிறது. கிழிக்க வேண்டியவர்களும் அதே பேருந்து நிலையத்தில்தான் பஸ் ஏறுகிறார்கள். லேகியத்துக்கு அடுத்த வலை ஸ்டெம் செல், அதற்கு லட்சங்களில் கேட்பார்கள். டைப் 1க்கு அதை அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல் ஏற்கவில்லை.

"ஒரு குழந்தைக்கு ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்களாம், பேப்பரில் வந்ததாம்" என்று யாராவது கொண்டுவருவார்கள். அது பொய்யில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிறந்து ஆறு மாதம் நிரம்புவதற்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தைகள் தனி வகை. அவர்களில் பலருக்கு எதிர்ப்புச் சக்தி செல்களை அழிக்கவில்லை. செல்கள் முழுசாக இருக்கும், இன்சுலினும் உள்ளே இருக்கும், அதை வெளியே விடும் கதவு மட்டும் ஒரு மரபணுப் பிழையால் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளிபென்கிளமைடு என்ற பழைய, மலிவான மாத்திரை அந்தக் கதவைத் திறக்கும். மரபணுப் பரிசோதனை செய்து, இன்ன பிழை என்று உறுதியான பிறகு, மருத்துவமனையில் வைத்து, ஊசியைப் படிப்படியாகக் குறைத்து மாத்திரைக்கு மாற்றுவார்கள். ஆறு மாதத்துக்குள் நோய் வந்த எந்தக் குழந்தைக்கும், இன்று பத்து வயதானாலும், அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்ய வேண்டும். உங்கள் மகளுக்கு நோய் வந்தது 9 வயதில். அந்தச் செய்தி அவளுக்கானது அல்ல.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினை, அந்த 65, 68. இது லேகியத்தைவிட அவசரம். தோராயக் கணக்கு ஒன்று உண்டு: 1800ஐ ஒரு நாளின் மொத்த யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட் எவ்வளவு சர்க்கரையைக் குறைக்கும் என்று வரும். 22 யூனிட் போட்டபோது ஒரு யூனிட் ஏறக்குறைய 80 குறைத்தது. 10 யூனிட்டில் அதே ஒரு யூனிட் 180 குறைக்கும். டிஸ்சார்ஜ் அன்று எழுதிக்கொடுத்த 'சர்க்கரை கூடினால் இவ்வளவு கூட்டிப் போடவும்' என்ற அட்டவணை இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தால் இன்றே கிழித்துப் போடுங்கள், புதியது எழுதி வாங்குங்கள். அரை யூனிட் அளக்கும் இன்சுலின் பேனாவைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள், இந்த எடைக்கு அது ஆடம்பரம் இல்லை.

70க்குக் கீழே போனால், 24 கிலோ குழந்தைக்கு 8 கிராம் சர்க்கரை போதும். இரண்டு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறாவிட்டால் அதே அளவு மறுபடி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கும். பயத்தில் அரை டம்ளர் சர்க்கரையைக் கொட்டினால் ஒரு மணி நேரத்தில் 300 நிற்கும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். காரணம் புரியாமல் இரண்டு முறை 70க்குக் கீழ் போனாலே அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்து அளவைக் குறைக்கக் கேட்க வேண்டும். அளவு மாறிய பின் இரண்டு மூன்று இரவு, அதிகாலை 3 மணிக்கு ஒரு முறை பாருங்கள்.

குறைந்து குறைந்து 3, 4 யூனிட் வந்தாலும் பெரும்பாலான டாக்டர்கள் முழுதாக விடச் சொல்ல மாட்டார்கள். மிஞ்சிய செல்களுக்கு அந்தச் சின்ன அளவே ஓய்வு. குழந்தைக்கும் ஊசிப் பழக்கம் விட்டுப்போகாது. ஆறு மாதம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குவது முதல் நாளைவிடக் கொடுமை.

யூனிட் சிறிதாகச் சிறிதாகப் பெரிதாகும் ஆபத்து சிரிஞ்சு. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். குப்பியிலும் 100 யூனிட் வகை உண்டு, அதற்கு ஆரஞ்சு மூடி. பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 4 கோடு இழுத்தால், உள்ளே போவது 10 யூனிட். உங்கள் மகளின் ஒரு நாள் அளவு ஒரே குத்தில்! மருந்துக்கடையில் சிவப்பு தீர்ந்துவிட்டால் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று ஆரஞ்சை நீட்டுவார்கள். ஒன்றில்லை. லேபிளில் எண்ணையும் மூடியில் நிறத்தையும் பார்த்த பிறகு காசு கொடுங்கள். அதேபோல, இருப்பில் உள்ளது இதுதான் என்று 30/70 கலவை இன்சுலினை (வேகமாக வேலை செய்வதையும் மெதுவாக வேலை செய்வதையும் முன்பே கலந்தது) கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரவில் மட்டும் குறைக்க வேண்டிய குழந்தைக்குக் கலவையில் ஒன்றைக் குறைத்து ஒன்றை வைக்க வழியே இல்லை.

வீட்டில் சிறுநீர்க் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா இருக்கட்டும். காய்ச்சல், வாந்தி, அல்லது சர்க்கரை 250க்கு மேல் இரண்டு முறை என்றால் பாருங்கள். இரண்டு பிளஸ் காட்டினால் நேரே மருத்துவமனை. வாந்தி எடுக்கிறாள், ஒன்றும் சாப்பிடவில்லை, ஆகவே ஊசி வேண்டாம் என்று விடுவதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு. சாப்பாட்டு ஊசியின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றலாம், நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி பட்டினி கிடந்தாலும் போயாக வேண்டும்.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதித் தருகிறோம், தேனிலவு என்று தமிழில் ஒரு வரி எழுதுவதில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் லேகியக்காரருக்கு வாடிக்கை குறைந்திருக்கும். இன்சுலின் பல அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை சர்க்கரை பார்க்க மாதம் 120 ஸ்ட்ரிப் வேண்டும், அதற்குத்தான் குடும்பம் அல்லாடுகிறது. கேரளத்தில் டைப் 1 குழந்தைகளுக்கென்றே 'மிட்டாயி' என்று ஓர் அரசுத் திட்டம் நடக்கிறது. உங்கள் மருத்துவமனையில் என்ன கிடைக்கும் என்று மருத்துவச் சமூகப் பணியாளரிடம் வற்புறுத்திக் கேளுங்கள், தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. மாமியார் வாங்கி வந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இத்தகைய பொடிகளிலும் லேகியங்களிலும் அலோபதி சர்க்கரை மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பது ஆய்வகங்களில் பலமுறை பிடிபட்டிருக்கிறது, ஈயமும் இருந்திருக்கிறது. அந்த 65, 68 வந்த தேதிகளையும், லேகியம் வீட்டுக்கு வந்த தேதியையும் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கொடுத்திருந்தால் இன்றே நிறுத்தி, இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை. மாமியாரோடு சண்டை வேண்டாம், பேத்தி மீதுள்ள பாசத்தில்தான் அவர் பணம் கொடுத்தார். டப்பாவைத் தூக்கி எறியாமல் மூடி, லேபிள், ரசீது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள்.